டகேஃபுசா குபோ: ஆட்டத்தை முந்திய புகழ்

2025 மார்ச் 18, 19 தேதிகளில் டோக்கியோ டோம் அரங்கில் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸும் சிகாகோ கப்ஸும் பேஸ்பால் ஆடின. டாட்ஜர்ஸின் ஜப்பானிய நட்சத்திரம் ஷோஹேய் ஓடானி சொந்த மண்ணில் மட்டை பிடிக்கிறார் என்பதற்காகவே ஜப்பான் தொலைக்காட்சி முன் உட்கார்ந்தது. முதல் ஆட்டத்தை அந்நாட்டில் சராசரியாக இரண்டரைக் கோடிக்கும் அதிகமானோர் பார்த்ததாக மேஜர் லீக் பேஸ்பால் அறிவித்தது. அடுத்த நாள், மார்ச் 20 அன்று, டோக்கியோவை ஒட்டியிருக்கும் சைதாமாவில் ஜப்பான் கால்பந்து அணி பஹ்ரைனை 2-0 என்று வென்றது. போட்டியை நடத்தும் மூன்று நாடுகளை விட்டுவிட்டால், 2026 உலகக் கோப்பைக்கு உலகிலேயே முதலில் தகுதி பெற்ற அணி அதுதான். முதல் கோலுக்கான பந்தை டாய்ச்சி கமாடாவுக்குக் கொடுத்தவர் டகேஃபுசா குபோ. 87-வது நிமிடத்தில், பந்து நுழைய வழியே இல்லை என்று தோன்றிய குறுகிய கோணத்திலிருந்து இரண்டாவது கோலை அடித்தவரும் அவரே.

ஒரு நாட்டை உலகக் கோப்பைக்கு அழைத்துச் சென்ற 23 வயது இளைஞருக்கு அந்த வாரத்தில் இரண்டாவது இடம்தான் கிடைத்தது. இதில் வியப்பதற்கு ஒன்றும் இல்லை. ஜப்பானில் தொழில்முறை பேஸ்பால் லீக் 1936-இல் தொடங்கியது. கால்பந்துக்கான ஜே லீக் 1993-இல்தான் பிறந்தது. கோஷியென் மைதானத்தில் நடக்கும் பள்ளி மாணவர்களின் பேஸ்பால் போட்டிக்கே தேசம் முழுதும் காதைக் கொடுக்கிறது. ஆக, குபோ புகழ்பெற்றவரா என்ற கேள்விக்கு ஒற்றை விடை கிடையாது. ஓடானிக்குப் பக்கத்தில் நிறுத்தினால் ஒரு விடை, அவருடைய தேசிய அணித் தோழர் கவோரு மிட்டோமாவுக்குப் பக்கத்தில் நிறுத்தினால் இன்னொன்று, அவர் ஆடும் கிளப்பின் ஊரான ஸ்பெயினின் சான் செபாஸ்டியன் நகரத் தெருவில் நிறுத்தினால் முற்றிலும் வேறு ஒன்று.

இதைப் பல நாட்களாக எழுத நினைத்துக்கொண்டிருந்தேன். குபோவின் விஷயத்தில் புகழ் முதலில் வந்தது, ஆட்டம் பின்னால் வந்தது என்பது என் எண்ணம். அந்த வரிசை மாற்றத்துக்கான விலையை அந்தப் பையன் ஏறக்குறைய பத்து வருடங்கள் கட்டிக்கொண்டிருந்தான்.

2001 ஜூன் 4 அன்று கவாசாகி நகரில் பிறந்தவர் குபோ. உள்ளூர்ச் சிறுவர் அணியில் தொடங்கி கவாசாகி ஃப்ரொன்டாலே கிளப்பின் சிறார் பிரிவுக்குப் போனார். 2011-இல், பத்து வயதில், பார்சிலோனாவின் லா மாசியா பயிற்சிப் பள்ளியில் இடம் கிடைத்தது. மெஸ்ஸி வளர்ந்த இடம் அது. குள்ளமான இடது கால் ஆட்டக்காரன், பந்தைக் காலோடு ஒட்டவைத்துக்கொண்டு ஓடுகிறான், போதாதா? ‘ஜப்பானிய மெஸ்ஸி’ என்ற பட்டத்தை ஒட்டிவிட்டார்கள். மீசை முளைக்காத பையனின் மேல் இப்படி ஒரு பட்டத்தை ஏற்றுவதை நான் கொடுமை என்றுதான் சொல்வேன். அந்தப் பட்டத்தைச் சுமந்தவர்கள் எத்தனை நாடுகளில் எத்தனை பேர்! அதிலிருந்து தப்பித்துத் தன் பெயரிலேயே நின்றவர்கள் மிகச் சிலர்.

பிறகு வந்தது ஃபிஃபா விதிகளின் 19-வது பிரிவு. பதினெட்டு வயது நிரம்பாத ஆட்டக்காரர்களை ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு மாற்றிச் சேர்ப்பதை அது தடுக்கிறது. பெற்றோர் கால்பந்தோடு தொடர்பில்லாத காரணத்துக்காக இடம்பெயர்ந்திருந்தால் விலக்கு உண்டு. வேறு சில விலக்குகளும் உண்டு. ஏழை நாடுகளிலிருந்து சிறுவர்களைக் கூட்டி வந்து, தேறாவிட்டால் நடுத்தெருவில் விட்டுவிடும் வியாபாரத்தைத் தடுப்பதற்காக எழுதப்பட்ட நல்ல விதி. பார்சிலோனா அந்த விதியை மீறியதாக 2014-இல் ஃபிஃபா தீர்ப்பளித்தது; இரண்டு பரிமாற்றப் பருவங்களில் புதிதாக யாரையும் சேர்க்கக் கூடாது என்று தண்டித்தது. தண்டனை கிளப்புக்குத்தான். ஆனால் அதிகாரபூர்வ ஆட்டங்களில் இறங்க முடியாமல் உட்கார்ந்தவர்கள் பிள்ளைகள். குபோ 2015-இல் ஊர் திரும்பி எஃப்சி டோக்கியோவின் இளையோர் பிரிவில் சேர்ந்தார்.

அந்த வயதுப் பையன் ஊர் திரும்பினால் பள்ளியில் நாலு பேர் விசாரிப்பார்கள். குபோ திரும்பியபோது நாட்டின் விளையாட்டுப் பக்கங்கள் அத்தனையும் விசாரித்தன. 2016 நவம்பர் 5 அன்று, 15 வயது 5 மாதத்தில், மூன்றாம் நிலையான ஜே3 லீக்கில் எஃப்சி டோக்கியோவின் 23 வயதுக்குட்பட்டோர் அணிக்காகக் களம் இறங்கினார். ஜே லீக் ஆட்டம் ஒன்றில் இறங்கிய மிக இளையவர் என்ற சாதனை அன்று அவருடையதாயிற்று. மூன்றாம் நிலை லீக்கின் ஓர் ஆட்டத்துக்கு, அதுவும் ஒரு கிளப்பின் இரண்டாம் அணி ஆடும் ஆட்டத்துக்கு, 7,000 பேருக்கு மேல் கூடினார்கள். அவர்கள் வந்தது ஒரே ஒரு பையனைப் பார்க்க. அவன் அதுவரை பெரியவர்களின் கால்பந்தில் ஒன்றுமே செய்திருக்கவில்லை. அடுத்த ஆண்டு, தன்னைவிட நான்கைந்து வயது மூத்தவர்களோடு 20 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பைக்கும் போனான்.

நல்ல வேளையாக, ஆட்டமும் மெல்ல வளர்ந்து வந்தது. 2019-இல் எஃப்சி டோக்கியோவின் முதல் அணியில் நிலையான இடம் பிடித்தார். ஜூன் 1 அன்று ஓய்டா அணிக்கு எதிராக இரண்டு கோல்கள். மூன்று நாள் கழித்துப் பதினெட்டாவது பிறந்த நாள். ஜூன் 9 அன்று எல் சால்வடோருக்கு எதிராக தேசிய அணியில் அறிமுகம். அதே வாரத்தில் அவரைத் தாங்கள் எடுத்துக்கொண்டதாக ரியல் மாட்ரிட்டின் அறிவிப்பு. 19-வது பிரிவின் பூட்டு பதினெட்டு வயதில் திறக்கும் அல்லவா? திறந்த உடனே பார்சிலோனாவின் பரம எதிரி கதவைத் தட்டிவிட்டது. அந்த ஜூன் மாதத்தில் ஜப்பானில் குபோவைவிடப் பெரிய கால்பந்துப் பெயர் இருந்திருக்க முடியாது.

அதன் பிறகு மூன்று வருடங்கள் மற்ற ஸ்பெயின் கிளப்புகளில் இரவல் வாழ்க்கை: மயோர்கா, விய்யாரியல், கெட்டாஃபே, மறுபடியும் மயோர்கா. இதற்குத் திறமைக் குறைவு மட்டுமே காரணம் என்று நினைப்பவர்கள் ஸ்பெயினின் முதல் நிலை லீக்கான லா லிகாவின் ஒரு விதியை மறந்துவிடுகிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தைச் சேராத ஆட்டக்காரர்கள் ஓர் அணியில் மூன்று பேருக்கு மேல் பதிவுசெய்யப்படக் கூடாது. ரியல் மாட்ரிட்டில் அந்த மூன்று இடங்களும் வினிசியஸ், ரொட்ரிகோ, மிலிட்டாவ் என்ற மூன்று பிரேசில் இளைஞர்களிடம் இருந்தன. குபோவுக்கு நாற்காலியே இல்லை. விய்யாரியலில் பயிற்சியாளர் உனாய் எமெரி அவரைப் பெரும்பாலும் பெஞ்சில்தான் வைத்திருந்தார். கெட்டாஃபேயின் முரட்டு ஆட்டத்தில் அவருடைய காலுக்கு வேலையே இல்லை. சட்டை விற்பதற்காக வாங்கப்பட்டவர் என்ற பழைய ஏளனம் திரும்பக் கிளம்பியது. ஐரோப்பாவுக்கு வரும் ஆசிய ஆட்டக்காரர்கள் எல்லோருக்கும் அது ஒரு நாள் கிடைத்தே தீரும். 1998-இல் இத்தாலியின் பெருஜியாவுக்காக முதல் லீக் ஆட்டத்திலேயே யுவென்டஸுக்கு எதிராக இரண்டு கோல்கள் அடித்துக் காட்டும் வரை முந்தைய தலைமுறை ஜப்பானியரான ஹிடெடோஷி நக்காட்டாவையும் அந்தக் கண்ணோடுதான் பார்த்தார்கள்.

நான் குபோவை ஒழுங்காகப் பார்க்கத் தொடங்கியது டோக்கியோ ஒலிம்பிக்கில். 2021 ஜூலையில் தென்னாப்பிரிக்கா, மெக்சிகோ, பிரான்ஸ் என்று அடுத்தடுத்த மூன்று ஆட்டங்களிலும் கோல் அடித்தார். தென்னாப்பிரிக்காவுக்கு எதிரான வெற்றிக் கோல் விழுந்த மைதானம் எஃப்சி டோக்கியோவின் சொந்த மைதானம். பதினைந்து வயதிலிருந்து அவருக்காகக் காத்திருந்த ரசிகர்கள் எழுந்து கத்தியிருக்க வேண்டிய இடம். பெருந்தொற்று காரணமாக அங்கே பார்வையாளர் எவரும் அனுமதிக்கப்படவில்லை. காலி நாற்காலிகளைப் பார்த்து அவர் கொண்டாடியதை நினைக்கும்போது இன்றும் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. ஆகஸ்ட் 6 அன்று வெண்கலப் பதக்கத்துக்கான ஆட்டத்தில் ஜப்பான் மெக்சிகோவிடம் 1-3 என்று தோற்றது. ஆட்டம் முடிந்ததும் குபோ புல்லின் மேல் விழுந்து, குரல் வெளியே கேட்க அழுதார். அந்தக் கடைசி ஆட்டத்தில் ஜப்பானின் ஒரே கோலை அடித்தவர் மாற்று வீரராக வந்த மிட்டோமா.

இங்கேதான் ஒப்பீடு தொடங்குகிறது. மிட்டோமாவும் கவாசாகியில் வளர்ந்தவர், குபோவைவிட நான்கு வயது மூத்தவர். அவரும் ஃப்ரொன்டாலேயின் இளையோர் பிரிவில் படித்தவர். பதினெட்டு வயதில் முதல் அணியில் சேரும் வாய்ப்பு வந்தபோது தன் உடல் இன்னும் தயாராகவில்லை என்று மறுத்துவிட்டு ட்சுகுபா பல்கலைக்கழகத்துக்குப் போனார். பந்தை எடுத்துச் செல்லும் கலையையே பட்ட ஆய்வுக்குப் பொருளாக எடுத்துக்கொண்டார். ஆட்டக்காரர்களின் தலையில் கேமரா மாட்டி, அவர்களுடைய பார்வை எங்கே போகிறது என்று ஆராய்ந்தார். 2020-இல் ஃப்ரொன்டாலேக்குத் திரும்பி, முதல் பருவத்திலேயே லீக்கில் 13 கோல்கள். பிறகு இங்கிலாந்தின் பிரைட்டன் கிளப். எங்கேயும் அவசரமில்லை, யாரும் அவரை எதிர்பார்த்துக் காத்திருக்கவும் இல்லை. செய்த பிறகுதான் பெயர் வந்தது.

2022 கத்தார் உலகக் கோப்பையை எடுத்துக்கொள்ளுங்கள். ஜெர்மனிக்கு எதிரான முதல் ஆட்டத்தில் குபோ தொடக்க அணியில் இருந்தார். இடைவேளையின்போது 0-1. குபோவை வெளியே எடுத்து டொமியாசுவை உள்ளே விட்டார் பயிற்சியாளர் ஹஜிமே மொரியாசு. இரண்டாம் பாதியில் ரிட்சு டோவானும் டகுமா அசானோவும் கோல் அடித்து ஜப்பானை வெல்லவைத்தார்கள். ஸ்பெயினுக்கு எதிராகவும் அதே கதை. குபோ தொடங்கினார், இடைவேளையில் 0-1, குபோ வெளியே, டோவான் உள்ளே, மிட்டோமாவும் உள்ளே. ஆட்டம் மீண்டும் தொடங்கிய சில நிமிடங்களில் டோவான் சமன் செய்தார். அடுத்து, கோட்டைத் தாண்டப்போன பந்தை மிட்டோமா பாய்ந்து உள்ளே திருப்பினார், ஆவோ டனாகா முட்டித் தள்ளினார். பந்து கோட்டை முழுதாகத் தாண்டவில்லை, இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைவான அளவு இன்னும் கோட்டின் மேல் இருந்தது என்று வீடியோ நடுவர்கள் முடிவு செய்தார்கள். அந்த ஒரு புகைப்படம் ஜப்பான் முழுவதும் ஓடியது. அதன் பிறகு குரோஷியாவுக்கு எதிரான ஆட்டத்தில் உடல்நலம் சரியில்லாமல் குபோ ஆடவே இல்லை.

யோசித்துப் பாருங்கள். தன் நாட்டின் கால்பந்து வரலாற்றில் மிகப் பெரிய இரண்டு வெற்றிகளிலும் குபோ தொடக்கத்தில் ஆடியிருக்கிறார். இரண்டிலும் வெற்றிக்குக் காரணமான எல்லாம் அவர் வெளியே போன பிறகு நடந்தது. நாற்பத்தைந்து நிமிடங்கள் பந்தே கிடைக்காமல் பின்னால் ஓடி ஓடி எதிரணியைத் தடுத்ததை யாரும் எண்ணிப் பார்க்கமாட்டார்கள். அந்த முதல் பாதிகளில் யார் ஆடியிருந்தாலும் அதைத்தான் செய்திருக்க முடியும். அணியின் திட்டமே அதுதான். மக்களின் நினைவு கோலோடு போகும். அந்த டிசம்பருக்குப் பிறகு ஜப்பானின் முகம் மிட்டோமாவாகிவிட்டார். ஜனவரி 2023-இல் எஃப்ஏ கோப்பையில் லிவர்பூலுக்கு எதிராகக் கடைசி நிமிடத்தில் அவர் அடித்த கோல் அதை உறுதிசெய்தது. இங்கிலாந்து பிரீமியர் லீக்கை உலகமே பார்க்கிறது என்ற அனுகூலமும் அவருக்கு உண்டு.

பார்ப்பதற்கே காசு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நக்காட்டா காலத்தில் தேசிய அணியின் ஆட்டம் என்றால் வீட்டுத் தொலைக்காட்சியில் எல்லோருக்கும் வரும். இப்போது ஜே லீக் ஆட்டங்கள் 2017 முதல் டாஸோன் என்ற சந்தாச் சேவையில். தேசிய அணி வெளிநாட்டில் ஆடும் தகுதிச் சுற்று ஆட்டங்களும் பெரும்பாலும் அங்கேதான். ஸ்பெயின் லீக்குக்கும் சந்தா வேண்டும். ஓய்வுபெற்ற தாத்தாவும் பள்ளிக்கூடப் பேத்தியும் சேர்ந்து தற்செயலாகக் குபோவின் முழு ஆட்டத்தைப் பார்த்துவிடும் சூழ்நிலையே அபூர்வம். பெயர் தெரியும், விளம்பரத்தில் முகம் தெரியும், ஆட்டம் தெரியாது. குபோவின் ஜப்பானியப் புகழில் இந்த ஓட்டை இன்றும் இருக்கிறது.

சான் செபாஸ்டியனுக்கு வருகிறேன்; எனக்கு இந்தக் கட்டுரையில் மிகப் பிடித்த பகுதி இதுதான். 2022 கோடையில் ரியல் சொசியேடாட் அவரை மாட்ரிட்டிடமிருந்து நிரந்தரமாக வாங்கியது. ஸ்பெயினின் வடக்கே பாஸ்க் நாட்டில், கடற்கரையை ஒட்டிய அளவான நகரம். அந்த கிளப்புக்கு ஒரு தனி வரலாறு உண்டு: 1989-இல் ஐரிஷ் ஆட்டக்காரர் ஜான் ஆல்ட்ரிஜ் வரும் வரை, பல ஆண்டுகளாக பாஸ்க் ஆட்டக்காரர்களை மட்டுமே வைத்து ஆடிய கிளப் அது. சொந்த மண்ணின் பிள்ளைகள் மேல் அவ்வளவு பிடிப்பு உள்ள ஊர். இன்றைக்கும் அணியின் முதுகெலும்பு சுபியெட்டா பயிற்சி மையத்தில் வளர்ந்த பிள்ளைகள்தான். அப்படிப்பட்ட இடத்தில் ஒரு ஜப்பானியர் செல்லப் பிள்ளையானார்.

எப்படி? முதலில், ஆட்டத்தால். டேவிட் சில்வா, மிகெல் மெரினோ, மார்ட்டின் சுபிமெண்டி போன்றவர்கள் நடுவில் இருந்தார்கள். பந்தை எப்போது கொடுக்க வேண்டும் என்று தெரிந்தவர்கள். பயிற்சியாளர் இமானோல் அல்குவாசில் குபோவுக்கு ஒவ்வொரு வாரமும் இடம் கொடுத்தார். வலது ஓரத்தில் பந்தை வாங்குவார். தடுப்பவரின் எடை எந்தக் காலில் இருக்கிறது என்று பார்ப்பார். உள்ளே வெட்டுவது போலத் தோளைச் சாய்த்துவிட்டு வெளியே போவார், வெளியே போவது போல் காட்டிவிட்டு இடது காலால் உள்ளே வருவார். தடுப்பவருக்கு விஷயம் தெரியும். தெரிந்தும் நிற்க முடியாது. முதல் பருவத்தில் லீக்கில் 9 கோல்கள் அடித்தார். அவர் கோல் அடித்த ஒன்பது ஆட்டங்களிலும் அணி வென்றது. 2023 ஜனவரியில் பில்பாவோவின் அத்லெட்டிக்குக்கு எதிரான பாஸ்க் டெர்பியில், அதாவது பக்கத்து ஊர் வைரிகளின் மோதலில், ஒரு கோல். அந்த ஊரில் அது ஒன்றே ஒருவரை வாழ்நாள் முழுதும் நினைவில் வைத்திருக்கப் போதும். மே மாதத்தில் தன்னை விட்டுக்கொடுத்த ரியல் மாட்ரிட்டுக்கு எதிராகவே ஒன்று. மிலிட்டாவ் தவறாகத் திருப்பிய பந்தை மோப்பம் பிடித்து ஓடி வலைக்குள் தள்ளினார். மாட்ரிட்டில் அவருக்குக் கிடைக்காத அந்த மூன்று இடங்களில் ஒன்று மிலிட்டாவிடம் இருந்தது என்பது எனக்கு உடனே நினைவுக்கு வந்தது. அணி நான்காவது இடம் பிடித்து, ஐரோப்பாவின் தலையாய கிளப் போட்டியான சாம்பியன்ஸ் லீக்குக்குப் போனது. அடுத்த செப்டம்பரில் லா லிகாவின் மாதச் சிறந்த ஆட்டக்காரர் விருது.

இரண்டாவது காரணம் மொழி. பத்து வயதில் பார்சிலோனாவில் கற்ற ஸ்பானிஷ் அவருக்குச் சொந்த மொழி போலவே வரும். ஆட்டம் முடிந்ததும் மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் ஒலிவாங்கியின் முன் நிற்பார். நினைத்ததைச் சொல்வார், சிரிக்கவைப்பார், பிடிக்காததைப் பிடிக்கவில்லை என்பார். லா மாசியாவில் கழிந்த ஆண்டுகளுக்குக் கால்பந்துக் கணக்கில் என்ன பலன் என்று கேட்பவர்களுக்கு இதுவே விடை. அந்த நகரத்தில் அவர் வெறும் ‘டகே’. குடும்பப் பெயரும் இல்லை, பட்டமும் இல்லை. ‘ஜப்பானிய மெஸ்ஸி’யிலிருந்து ‘டகே’ வரை வருவதற்குப் பன்னிரண்டு வருடங்கள் ஆயின. அங்கே கிடைத்த புகழ்தான், முந்தின வாரம் என்ன செய்தார் என்பதை வைத்து அளக்கப்பட்ட முதல் புகழ் என்று எனக்குப் படுகிறது.

எல்லா ஊரும் அப்படி இல்லை. 2025 ஜனவரி 19 அன்று வலென்சியாவின் மெஸ்தாயா மைதானத்தில் மாற்று வீரராக உடலைத் தயார் செய்துகொண்டிருந்த குபோவை நோக்கிச் சிலர் கத்தினார்கள். சீனன், கண்ணைத் திற, இன்னும் கேட்கச் சகிக்காத சில. ரியல் சொசியேடாட் அந்தக் காணொளியை வெளியிட்டு வெளிப்படையாகக் கண்டித்தது. வினிசியஸுக்கு அதே மைதானத்தில் 2023-இல் நடந்ததை உலகமே பேசியது, பேச வேண்டியதுதான். குபோவுக்கு நடந்தது இரண்டு நாளில் செய்தியிலிருந்து விழுந்துவிட்டது. ஆசிய முகத்தைக் கேலி செய்வதை இன்னமும் பலர் விளையாட்டுத்தனம் என்று கடந்துபோகிறார்கள். எவ்வளவு புகழ் இருந்தாலும் இந்த இடத்தில் அது கேடயமாக நிற்பதில்லை. எனக்கு அன்று வந்த கோபம் இன்னும் தணியவில்லை.

கோல் எண்ணிக்கையை வைத்து அவரைக் குறைத்துப் பேசுகிறவர்கள் உண்டு. 2022-23 லீக் பருவத்தில் 9, அடுத்ததில் 7, அதற்கடுத்ததில் 5. இறங்குமுகம் என்கிறார்கள். மிட்டோமாவின் ரசிகரான என் நண்பர் ஒருவர் இந்த மூன்று எண்களை எனக்கு அடிக்கடி அனுப்பிவைப்பார். ஆனால் இதற்கிடையில் சில்வா முழங்காலில் அடிபட்டு ஓய்வு பெற்றார், மெரினோ ஆர்சனலுக்குப் போனார், லெ நோர்மான் அட்லெட்டிகோவுக்குப் போனார், 2024-25 பருவத்தில் அணியே பதினோராம் இடத்துக்கு இறங்கியது. பந்து கொண்டுவந்து கொடுப்பவர்கள் போன பிறகு, எதிரணிகள் அந்த வலது ஓரத்துக்கு இரண்டு பேரை அனுப்பத் தொடங்கினார்கள். அவருடைய முடிக்கும் திறன் இன்னும் கூர்மையாக வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. கடைசி உதையில் அவசரம் தெரிகிறது. ஆனால் கோலை மட்டும் எண்ணினால், அவர் இழுத்துவைத்த இரண்டு பேரால் மற்றவர்களுக்குத் திறந்த இடம் கணக்கில் வராது.

ஒவ்வொரு பரிமாற்றப் பருவத்திலும் ஜப்பானியப் பத்திரிகைகள் அவரை ஒரு பெரிய கிளப்புக்கு அனுப்பிவைக்கின்றன. 2024 பிப்ரவரியில் அவர் 2029 வரை ஒப்பந்தத்தை நீட்டித்த பிறகும் அது நிற்கவில்லை. பெரிய கிளப்புக்குப் போனால் டோக்கியோவில் புகழ் ஒரே இரவில் இரண்டு மடங்காகும், உண்மைதான். 2024 மே மாதத்தில் ரியல் சொசியேடாட் டோக்கியோ வந்து வெர்டி அணியுடன் தேசிய மைதானத்தில் ஆடியபோது, அந்த நடுத்தர பாஸ்க் கிளப்பின் நீல வெள்ளைச் சட்டைகளோடு ஜப்பானியர்கள் வந்து உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் பலர் ஒரு ஆளைப் பின்தொடர்ந்து போய் ஒரு ஊரையே நேசிக்கத் தொடங்கியவர்கள். பெரிய கிளப்பின் பெஞ்சில் அவர் மறுபடியும் உட்காருவதைவிட இந்தக் கூட்டம் மெதுவாக வளர்வதையே நான் விரும்புகிறேன். அவருக்கு ஒவ்வொரு வாரமும் தொண்ணூறு நிமிடங்கள் கிடைக்க வேண்டும், வலது ஓரத்தில், பந்து கொடுக்கத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருக்க. அந்த ஒருவரை சொசியேடாட் முதலில் தேடிப் பிடிக்கட்டும்.